அரண்ட கண்ணும் ஆறாத நினைவும்

2022 ஒக்டோபர் நடுப்பகுதியில் இலங்கையில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றருக்கு 370 ரூபாயாக இறங்கியது. வெள்ளவத்தை காலி வீதியில் ஓட்டோ ஓடுகிறவர்களுக்கும், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அப்பாடா என்றிருந்தது. அதே பெற்றோல் 2021 டிசெம்பர் கடைசியில் 177 ரூபாய். மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் கடைசியில் 470 என்று ஏறியது. பிறகு 450, 410 என்று படிப்படியாக இறங்கியது. 370இல் வந்து நின்றபோது, பத்து மாதத்துக்கு முந்திய விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. ஆனாலும் பலருக்கு அது மலிவாகத் தெரிந்தது. மனம் 177ஐ விட்டுவிட்டு 470ஐப் பிடித்துக்கொண்டது.

இதற்கு உளவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் நங்கூர விளைவு. ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுற்றுவார்கள். அது 10இல் அல்லது 65இல் மட்டுமே நிற்கும்படி முன்கூட்டியே செய்துவைக்கப்பட்டது. பிறகு, ஐ.நா. சபையில் ஆபிரிக்க நாடுகள் எத்தனை வீதம் என்று கேட்பார்கள். சக்கரத்தில் 10ஐப் பார்த்தவர்களின் நடுத்தர விடை 25 வீதம். 65ஐப் பார்த்தவர்களின் விடை 45 வீதம். சக்கரத்துக்கும் ஆபிரிக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த எண் இழுத்தது. புடவைக் கடைக்காரர் பெரிய விலையை எழுதி, அதன்மேல் சிவப்புக் கோடு போட்டு, கீழே சின்ன விலையை எழுதுவது இந்த ஆராய்ச்சியைப் படித்துவிட்டு அல்ல. வியாபாரிகள் அதை முன்னமே அறிவார்கள்.

இத்தகைய மனச்சாய்வுகளை நூற்றுக்கும் மேலாக எண்ணி வைத்திருக்கிறார்கள். வரிசையாக ஒப்புவித்தால் வாசகருக்கு வருவது கொட்டாவிதான். ஒரு நகரத்தில் அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பதில்தான் சுவை இருக்கிறது. சோதனைக்கூடத்தில் இருபது வயது மாணவன் எண்ணொன்றைத் தவறாக ஊகித்தால் நட்டம் ஒன்றுமில்லை. நாலு சமயமும் மூன்று மொழியும் ஒரே பஸ்ஸில் ஏறும் கொழும்பில், அதே சாய்வு கூட்டத்துக்குள் புகுந்து ஊர்வலத்தைக் கலைத்திருக்கிறது, வீடுகளைக் கொளுத்தியிருக்கிறது, லொட்ஜில் தூங்கியவர்களைப் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறது. சாய்வு பிறப்பது தலைக்குள் என்றாலும் வளர்வது தெருவில் என்பதே கொழும்பின் வரலாற்றைப் பார்க்கிறவருக்குத் தோன்றும்.

முதலில் காசு விவகாரம். மகாஜன சம்பத லொத்தரில் பெரிய பரிசுக்கு ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் பொருந்த வேண்டும். எல்லா எழுத்தும் புழங்கினால் 2 கோடி 60 இலட்சத்தில் ஒன்று. இவ்வளவு சின்ன வாய்ப்பை மனத்தால் சின்னதாகக் காண முடியாது; “கிடைக்கலாம்”, “கிடைக்காது” என்ற இரண்டு அறைதான் அதற்கு உண்டு. சிறு வாய்ப்புகளை மனிதர் அளவுக்கு மீறி நிறுக்கிறார்கள் என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் காட்டினார்கள். இலங்கை லொத்தர்க்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், ராசியையும் சேர்த்து லக்ன வாசனா என்று ஒரு சீட்டையே வைத்திருக்கிறார்கள். கடைசி இலக்கத்தில் தவறியவர் நூலிழையில் போயிற்றே என்று மறுநாளும் வாங்குவார். கணக்கில் நூலிழை என்று ஒன்று கிடையாது.

லொத்தரில் போவது சில்லறை. 2008இல் போனது வாழ்நாள் சேமிப்பு. அந்த வருடம் செப்டெம்பரில், ஆங்கிலம் கற்பித்துப் பேரெடுத்த சக்வித்தி ரணசிங்க, கூடிய வட்டிக்கு வாங்கிய வைப்புப் பணத்துடன் தலைமறைவானார். டிசெம்பரில் கோல்டன் கீ நிறுவனம் விழுந்தது. 9,000க்கும் மேற்பட்ட வைப்பாளர், ஏறத்தாழ 2,600 கோடி ரூபாய். ஆங்கிலம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர் காசையும் நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று ஏன் நினைக்க வேண்டும்? ஒரு குணத்தின் வெளிச்சம் மற்றக் குணங்கள்மீதும் படர்வதை எட்வர்ட் தோர்ன்டைக் 1920இலேயே எழுதிவிட்டார். கோல்டன் கீ விடயத்தில் அந்த வெளிச்சம் பெரியதொரு நிறுவனக் குழுமத்தின் பெயரிலிருந்து வந்தது. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் போட்டிருக்கிறார். அவருக்கு மாதா மாதம் வட்டி வருகிறது. அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

பக்கத்து வீட்டுச் சான்று மருந்திலும் வேலை செய்யும். 2020 டிசெம்பரில் கேகாலை மாவட்டத்து ஹெட்டிமுல்லையில் தம்மிக்க பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துக் காய்ச்சிய பாணி கொரோனாவைத் தீர்க்கும் என்ற பேச்சு எழுந்தது. அப்போது கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளிப் பகுதிகள் முடக்கத்தில் அலுத்துப்போயிருந்தன. ஆயிரக்கணக்கானோர் மைல் கணக்கில் போய் வரிசையில் நின்றார்கள். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே அதைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்குத் தொற்று உறுதியானது. பாணி குடித்த பலர் குணமாகியிருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. குடிக்காதவர்களிலும் பெரும்பாலானோர் குணமானார்கள். தானாக மாறும் நோய்க்கு எந்த மருந்தும் கைகண்ட மருந்துதான். குடிக்காமல் மாறியவர்களை எண்ண ஒருவரும் ஹெட்டிமுல்லைக்குப் போகவில்லை.

எண்ண வேண்டும் என்று சொன்ன ஒருவர் வெள்ளவத்தையை அடுத்த பாமன்கடையில் வாழ்ந்தார். ஆபிரகாம் கோவூர் 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து, இலங்கை வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி உட்படப் பல இடங்களில் தாவரவியல் கற்பித்தவர். 1959இல் ஓய்வு பெற்ற பின் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்தினார். 1963இல் ஒரு இலட்சம் ரூபாய்ப் பந்தயம் வைத்தார்: ஏமாற்ற முடியாத நிபந்தனைகளின் கீழ் அற்புதம் ஒன்றைச் செய்துகாட்டுபவர் எடுத்துக்கொள்ளலாம். சோதிடர்களுக்கும் கைரேகைக்காரருக்கும் தனிக் கேள்வி வைத்தார்: சில சாதகங்களைத் தருவேன், எது ஆணுடையது, எது பெண்ணுடையது, யார் உயிரோடிருக்கிறார், யார் செத்துவிட்டார் என்று மட்டும் பிரித்துச் சொல்லுங்கள். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் கொண்டுபோகவில்லை.

கோவூரின் கேள்வி கெட்டிக்காரத்தனமானது. சோதிடர் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் எவருக்கும் பொருந்தும். உங்களுக்கு வெளியே துணிச்சல், உள்ளே கவலை. சொந்தத்தால் ஒரு மனக்கசப்பு வந்திருக்கும். பேர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பு மாணவர் 39 பேருக்கும் ஒரே குணவிவரணையைத் தனித்தனியாகக் கொடுத்து, எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26. அந்த வாக்கியங்களில் பெரும்பகுதியை அவர் பொறுக்கியது ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து. ஆண், பெண், உயிர், சாவு என்று கோவூர் கேட்டவற்றுக்கோ மழுப்பல் பதில் சொல்ல வழியில்லை. பந்தயத்தால் சோதிடத் தொழில் குறைந்துவிடவில்லை. மகிந்த ராஜபக்ஷவின் சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன குறித்துக் கொடுத்த காலத்தில் 2015 ஜனவரி 8ஆம் திகதி தேர்தல் நடந்தது. தோல்வி. அதற்குப் பிறகும் நாள் பார்க்காமல் வேட்புமனு போடும் அரசியல்வாதியைத் தேட வேண்டும். பலித்தது மனத்தில் நிற்கிறது, பலிக்காதது நழுவிவிடுகிறது.

இதுவரை சொன்னவை காசும் கைமருந்தும். வதந்தியில் நிலைமை வேறு.

1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பொரளையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு பௌத்த ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரையில் திருவிழா. அதற்கு எட்டிய தூரத்திலேயே புனித லூசியாள் பேராலயம். ஊர்வலத்தில் மாதாவைக் கேலிசெய்யும் உருவங்களைக் கொண்டுவருகிறார்கள், சிலுவையில் குரங்கை அறைந்து தூக்கி வருகிறார்கள் என்ற கதை கத்தோலிக்கர் மத்தியில் பரவியது. ஆலய மணிகள் அடித்தன. கூட்டம் திரண்டு ஊர்வலத்தைத் தாக்கியது. கொட்டாஞ்சேனைக் கலவரம் என்று வரலாற்று நூல்கள் குறிப்பது இதைத்தான். கேணல் ஒல்கொட் பௌத்தர்களுக்காக இலண்டன்வரை போய் முறையிட்டதும், 1885 முதல் வெசாக் விடுமுறை நாளானதும் இதன் தொடர்ச்சி.

வதந்தி பற்றிய பழைய விளக்கம் கோர்டன் ஓல்போர்ட், லியோ போஸ்ட்மன் இருவருடையது. விடயம் முக்கியமாகவும் தகவல் மங்கலாகவும் இருக்கும்போது வதந்தி ஓடும் என்றார்கள் 1947இல். அதைவிடக் கூர்மையான விளக்கத்துக்கு விதை விழுந்தது நமது பக்கத்தில். 1934 ஜனவரி 15ஆம் திகதி பீகாரை நிலநடுக்கம் உலுக்கியது. அங்கே பரவிய வதந்திகளை யமுனா பிரசாத் என்ற ஆய்வாளர் தொகுத்தார். அதிர்ச்சியை உணர்ந்தும் இழப்பு எதுவும் காணாத ஊர்களில், இதைவிடப் பெரிய பிரளயம் வரப்போகிறது என்ற பேச்சே நிறைந்திருந்தது. ஆறுதல் தரும் வதந்தி பரவினால் புரிந்துகொள்ளலாம். பயத்தைக் கூட்டும் வதந்தியை ஏன் மனிதர் விரும்பிச் சுமக்கிறார்கள்? இந்தப் புதிரில் சிக்கிய லியோன் ஃபெஸ்டிங்கர் கண்ட விடை எளியது. பயம் முதலில் வந்துவிட்டது. வதந்தி அந்தப் பயத்துக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கிறது. மனத்துக்குள் ஒட்டாமல் நிற்கும் இரண்டை ஒட்டவைக்க மனிதர் படும் பாட்டை விளக்கும் அவரது 1957ஆம் ஆண்டுக் கோட்பாடு இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. அதற்கு வித்திட்ட பீகாரை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

இதைக் கையில் வைத்துக்கொண்டு 1983 ஜூலை 29ஐப் பார்க்க வேண்டும். ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படையினர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு, அவர்களை அடக்கவிருந்த பொரளை கனத்தை மயானத்தில் தொடங்கிய தீ, 25ஆம் திகதி நகரம் முழுக்கப் பரவியது. வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வெலிக்கடைச் சிறையில் 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 28ஆம் திகதி மாலை ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன நாட்டுக்கு உரையாற்றினார். பாதிக்கப்பட்ட தமிழருக்கு அதில் ஓர் ஆறுதல் வார்த்தை இல்லை. 29 வெள்ளிக்கிழமை. ஊரடங்கு தளர்ந்து சனம் வேலைக்கு வந்திருந்தது. திடீரென்று, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற கூச்சல் புறக்கோட்டைப் பக்கமிருந்து கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் கோட்டை அலுவலகங்கள் வெறிச்சோடின. ஆயிரக்கணக்கானோர் வீடு நோக்கி ஓடினார்கள். அந்த ஓட்டத்துக்குள் கும்பல்கள் மறுபடி தமிழரைத் தேடிக் கொன்றன. புலிகள் எவரும் வரவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பாதி விளக்கம்தான். எளிதாக நினைவுக்கு வருவதையே மனம் அடிக்கடி நடப்பதாகக் கணக்கிடும் என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1973இல் சொன்னதன் தமிழ்ச் சுருக்கம் அது. மீதிப் பாதியைப் பீகார் தருகிறது. நாலு நாள் அயலவர் வீடு எரிவதைப் பார்த்த, சிலவேளை எரித்த நகரம் அது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். யாராவது பழிவாங்க வரத்தானே வேண்டும் என்ற பயத்துக்கு முகம் தேவைப்பட்டது. வதந்தி புலி முகத்தைக் கொடுத்தது. ஜூலை 29இன் பீதியை வெறும் அறியாமை என்று தள்ளிவிட்டால் அதன் உள்ளுறையைத் தவறவிட்டுவிடுவோம்.

அந்த வாரத்தின் நினைவு இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஐம்பதைத் தாண்டிய தமிழரிடம் கேட்டால், அன்று எங்கே நின்றேன், யார் வந்து சொன்னார், எந்தச் சிங்களக் குடும்பம் கதவைத் திறந்தது என்று படம்போலச் சொல்வார்கள். இத்தகைய நினைவுக்கு ரொஜர் பிரவுன், ஜேம்ஸ் கூலிக் இருவரும் 1977இல் பளிச்சொளி நினைவு என்று பேரிட்டார்கள். கமெரா வெளிச்சத்தில் பதிந்ததுபோல அழியாதது என்று கருதினார்கள். கருத்து நீண்ட நாள் நிற்கவில்லை. 1986 ஜனவரியில் சலெஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையே அல்ரிக் நைசரும் நிகோல் ஹார்ஷும் எமரி பல்கலைக்கழக மாணவரிடம், செய்தியை எங்கே எப்படி அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கிவைத்தார்கள். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டார்கள். கால்வாசிப் பேர் சொன்னது முழுவதும் பிழை. முழுவதும் சரியாகச் சொன்னவர் மூவர். பிழையாகச் சொன்னவர்களின் உறுதியில் குறைவில்லை. தம் கையெழுத்தைக் காட்டியபோதும் சிலர், இப்போது நினைவிருப்பதுதான் சரி என்று நின்றார்கள்.

கேம்பிரிட்ஜின் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இலேயே சொன்னது இதுதான்: நினைவுகூர்தல் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுவது. கேட்கும் கேள்விகூட அந்தக் கட்டுமானத்துக்குள் புகுந்துவிடும். எலிசபெத் லொஃப்டஸ் 1974இல் ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, கார்கள் மோதியபோது என்ன வேகம் என்று சிலரிடமும், நொருங்கியபோது என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார். நொருங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் கூடிய வேகம் சொன்னார்கள்; ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத கண்ணாடித் துண்டுகளைப் பார்த்ததாகவும் அவர்களில் கூடுதலானோர் சொன்னார்கள்.

இவற்றை வாசித்துவிட்டு, அப்படியானால் 1983 பற்றிய சாட்சியங்களும் நம்பத் தகாதவை என்று ஒருவர் வாதாடலாம். அது ஆராய்ச்சியைப் பாதி வாசித்தவரின் வாதம். நெதர்லாந்தில் நாசிகள் காலத்து எரிக்கா முகாமில் அடைபட்டிருந்தவர்கள் 1940களிலும் 1980களிலும் கொடுத்த வாக்குமூலங்களை வாஹெனார், குரூனெவெஹ் என்ற இருவர் ஒப்பிட்டு 1990இல் வெளியிட்டார்கள். நாற்பது வருடத்தில் பெயர்கள் மறந்திருந்தன, திகதிகள் பிசகியிருந்தன, முன்பு தாங்களே சொன்ன கொடுமைகள் சிலவற்றைக்கூட சிலர் மறந்திருந்தார்கள். ஆனால் முகாம் எப்படியிருந்தது, அங்கே என்ன நடந்தது என்ற உடல் அப்படியே இருந்தது. ஆக, ஒருவரின் கதையில் செவ்வாய் புதனாகிவிட்டால் வீடு எரியவில்லை என்றாகாது.

சாய்வு எங்கே முடிகிறது, அனுபவ அறிவு எங்கே தொடங்குகிறது? கொழும்புத் தமிழ் வீடுகள் பலவற்றில் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கடவுச்சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கும். எடுத்துக்கொண்டு ஓட வசதி. கானமன் வழி வந்தவர் இதை, பழைய பயத்தின் நினைவு வாய்ப்பைப் பெருப்பித்துக் காட்டுவதாகச் சொல்லக்கூடும். ஜெர்மனியின் கெர்ட் கிகெரென்ஸர் மறுப்பார்: மனத்தின் குறுக்குவழிகள் பல, அவை உருவான சூழலில் கெட்டிக்காரத்தனமானவை. அதே கிகெரென்ஸர்தான் 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு விமானத்துக்குப் பயந்து காரில் போன அமெரிக்கரில், ஒரு வருடத்தில் மேலதிகமாகச் சுமார் 1,500 பேர் வீதி விபத்தில் செத்தார்கள் என்று கணக்கிட்டவர். பயம் சில இடத்தில் கொல்லும், சில இடத்தில் காக்கும்.

பை வைத்திருந்தவர்களின் பக்கம் 2007 ஒரு சான்று சேர்த்தது. ஜூன் 7 அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த வடக்கு கிழக்குத் தமிழரைப் பொலிஸார் எழுப்பினார்கள். வெளிநாட்டு விசாவுக்கு, வைத்தியத்துக்கு, வேலை தேட வந்தவர்கள். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி 376 பேரைப் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

இதில் உள்ள எண்பிழையைப் பாடசாலைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். லொட்ஜ்களில் 10,000 பேர் என்றும், ஆபத்தானவர் 10 பேர் என்றும் வைத்துக்கொள்வோம். பொலிஸ் சோதனை ஆபத்தானவரில் 90 வீதத்தினரைப் பிடிக்கும். அப்பாவிகளில் 5 வீதத்தினரை மட்டும் தவறாகப் பிடிக்கும். கேட்க நல்ல சோதனைதான். பிடிபடுவோர் ஏறக்குறைய 509 பேர். அதில் ஆபத்தானவர் 9. ஐந்நூறு அப்பாவிகள். அடிப்படை வீதத்தை மறப்பது என்ற இந்தப் பிழையைப் படித்த வைத்தியர்களும் செய்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வைத்தியருக்குக் கையிலிருந்தது ஒரு சோதனையாவது. 2007இல் சோதனையின் இடத்தில் இருந்தது அடையாள அட்டையில் எழுதிய ஊர்.

இந்த ஆய்வுத்துறையும் தன் பங்குக்குச் சறுக்கியிருக்கிறது. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 36 வீதத்தில்தான் பழைய விளைவு தேறியது. ஒரு சொல்லைக் காட்டினால் நடத்தையே மாறிவிடும் என்ற வகை ஆய்வுகள் மோசமாக அடிபட்டன. தனது புகழ்பெற்ற நூலில் அவற்றை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017இல் கானமனே எழுதினார். நோபல் பரிசு பெற்றவர் அப்படி எழுதுவது தினமும் நடக்கிற காரியமல்ல. நங்கூர விளைவோ எத்தனை நாட்டில் திரும்பச் செய்தும் நின்றது. இன்னொரு குறை, சோதிக்கப்பட்டவர்கள் யார் என்பது. ஜோசஃப் ஹென்ரிச்சும் தோழர்களும் 2010இல் காட்டியபடி, உளவியல் ஆய்வுகளில் பங்குபற்றியோரில் 96 வீதம் உலக மக்கள்தொகையில் 12 வீதமே கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் மாணவர்கள். காலி வீதி அந்தப் பன்னிரண்டுக்குள் வராது.

ஆனாலும் திரும்பக் கேட்டது உண்மைபோல ஒலிக்கும் என்ற கண்டுபிடிப்பை இலங்கை பரிதாபமாக உறுதிசெய்துவிட்டது. லின் ஹாஷரும் குழுவினரும் 1977இல், இரண்டு வாரத்துக்கொரு முறை ஒரே கூற்றுகளைக் கேட்கவைத்தால் அவற்றின்மீதான நம்பிக்கை ஏறுகிறது என்று காட்டினார்கள். உணவில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பேச்சு பல வருடமாகச் சுற்றியது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை அதன்பேரில் தாக்கப்பட்டது. மாத்திரை என்று காட்டியது மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வு சொன்னது. அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை என்பது எந்த வைத்தியருக்கும் தெரியும். அதற்குள் அடுத்த மாதம் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2019 மே 23 அன்று, குருநாகல் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்று திவயின பத்திரிகை முன்பக்கத்தில் போட்டது. டொக்டர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு எழுதினார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. பிள்ளை தங்காத துக்கத்துக்குப் பத்திரிகை ஒரு காரணத்தைக் கொடுத்தது. பழைய சத்திரசிகிச்சையின் நினைவு அந்தக் காரணத்துக்கேற்ப மாறிப் படிந்தது. பீகாரின் பயமும் லொஃப்டஸின் கண்ணாடித் துண்டும் ஒரே இடத்தில். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது.

இத்தனைக்கும் பின்னணி ஒரு மாதத்துக்கு முந்திய பேரழிவு. 2019 ஏப்ரல் 21, மறுபடியும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையின் ஓரத்திலுள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் காலை 8.45 அளவில் குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வாரமே எல்லோருக்கும் எல்லாம் முன்பே தெரிந்ததாகிவிட்டது. இந்தச் சாய்வை பரூக் ஃபிஷ்ஹொஃப் 1975இல் சோதித்தபோது எடுத்த உதாரணம் 1814இல் பிரித்தானியருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போர். யார் வென்றார் என்று எந்த முடிவைச் சொல்லிக் கொடுத்தாலும், படித்தவர்கள் அந்த முடிவே தொடக்கத்திலிருந்து எதிர்பார்க்கத்தக்கது என்றார்கள்.

அதனால் உயிர்த்த ஞாயிறு வழக்கில் ஒரு நியாயமான எதிர்வாதம் இருந்தது: பின்புத்தியால் தீர்ப்புச் சொல்கிறீர்கள். அதை முறிக்க வாதத் திறமை போதாது. அன்றைய தாள் வேண்டும். தாள் இருந்தது. ஏப்ரல் 4இல் இந்தியாவிலிருந்து வந்த எச்சரிக்கை, 9ஆம் திகதிக் கடிதம், 11ஆம் திகதி உள்ளகச் சுற்றறிக்கை என்று திகதியிட்ட ஆவணங்கள். தேவாலயங்கள் இலக்கு என்பது அவற்றிலேயே இருந்தது. வெடிப்புக்கு முன் என்ன தெரிந்திருந்தது என்பதை நீதியரசர்கள் எவருடைய ஞாபகத்திலிருந்தும் பிடுங்க வேண்டியிருக்கவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முன்னாள் பொலிஸ் மா அதிபர், அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவர் இருவருக்கும் தலா ஏழரைக் கோடி.

1983க்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. 1981 முதல் 1984 வரையான இன வன்முறையை விசாரிக்க முன்னாள் பிரதம நீதியரசர் சுப்பையா சர்வானந்தா தலைமையில் ஜனாதிபதி உண்மை ஆணைக்குழு அமைந்தது 2001இல். அறிக்கை வந்தது 2002இல். சாட்சி சொன்னவர்கள் பதினெட்டு வருடம் பழகிய நினைவிலிருந்து பேச வேண்டியிருந்தது. அந்த ஜூலையில் கொல்லப்பட்டவர்கள் அரசாங்கக் கணக்கில் 387 பேர். ஏனைய மதிப்பீடுகள் மூவாயிரம்வரை போகின்றன. ஒவ்வொரு ஆண்டும் ஜூலை பிறந்ததும் பத்திரிகைகள் இரண்டு எண்களையும் அச்சிடுகின்றன. வாசகர் எவ்வெண்ணை முதலில் கேட்டு வளர்ந்தாரோ, மற்றது அவருக்குப் பொய்யாகப் படுகிறது.